பாடியவரின் மூச்சு

தாம்சுய் ரயில் நிலைய வாசலில் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஆன்ட்டி கைப்பையைத் திறந்து நீலப் பம்ப் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். ஈப்போவில் வீட்டைப் பூட்டும்போது ஒருமுறை பார்த்தார். கோலாலம்பூர் விமான நிலையத்தில் ஒருமுறை. தைப்பே விடுதியில் படுக்கப் போகும் முன் இன்னொரு முறை. நாமெல்லாம் வீட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வதுபோல ஆஸ்துமாக்காரர்கள் பம்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள்.

2019 மே மாதம் அது. நான், என் பள்ளித் தோழி, தோழியின் அம்மாவான ஆன்ட்டி என்று மூன்று பேர். ஆன்ட்டிக்கு அப்போது 72 வயது. ஜப்பானுக்குக் கூட்டிப் போகிறேன், ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "எனக்கு தெங் லீ-ஜூன் சமாதியைப் பார்க்கணும். அது போதும்" என்றுவிட்டார். உலகம் தெரேசா தெங் என்று அறிந்த பாடகியின் சீனப் பெயர் அது. "நீயும் வா, ஆ மோய்" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். தன் மகளைக் கூப்பிடுவது போலவேதான் என்னையும் கூப்பிடுவார். நாற்பது வருடமாக அப்படித்தான்.

ஈப்போவில் எங்கள் குடும்பம் இருந்தது ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். கீழே ஆன்ட்டியின் கோப்பிக்கடை. விடியற்காலை ஐந்தரைக்கு இரும்புக் கதவை மடக்கித் தள்ளும் சத்தம் கேட்கும். பிறகு கோப்பித்தூள் வாசம் ஏறி வரும். அதற்கும் பிறகு கேசட் ஓடத் தொடங்கும். மேலே அப்பா மலேசிய வானொலியின் தமிழ் ஒலிபரப்பை வைத்திருப்பார். அதில் பெரும்பாலும் எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிக்கொண்டிருப்பார். கீழே தெரேசா தெங். பலகைத் தரையின் இடுக்கு வழியாக இரண்டு குரலும் ஒன்றோடொன்று கலந்துவிடும். சட்டை போட்டுக்கொண்டே, தலை பின்னிக்கொண்டே இரண்டையும் கேட்டு வளர்ந்தேன். மாண்டரின் ஒரு சொல் தெரியாத வயதிலேயே அந்தப் பாட்டுகள் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரியும்.

அதிலும் 'தியென் மி மி' என்ற பாட்டு எனக்குச் சொந்தப் பாட்டு மாதிரி. அதன் மெட்டு 'டாயுங் சம்பான்' என்ற இந்தோனேசிய நாட்டுப்பாடலிலிருந்து வந்தது. படகோட்டிப் பாட்டு, எங்கள் பக்கத்திலும் எல்லாருக்கும் பழக்கம். அந்த மெட்டுக்குச் சீனச் சொற்கள் போட்டு 1979-இல் அவர் பாடினார். சீனம் பேசும் உலகம் முழுக்க அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்தது. "இது எங்க பாட்டு" என்று நான் தோழியிடம் சண்டை போட்டிருக்கிறேன். அவள் "இல்லை, எங்க பாட்டு" என்பாள். ஆன்ட்டி கோப்பி ஆற்றிக்கொண்டே இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார்.

1995 மே 8-ஆம் தேதி தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தெரேசா தெங் இறந்துபோனார். ஆஸ்துமா. வயது 42. செய்தி வந்த மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக் கீழே இறங்கினேன். சீனப் புத்தாண்டைத் தவிர வேறெந்த நாளும் அடைக்காத கடையின் கதவு பாதிதான் திறந்திருந்தது. உள்ளே விளக்கில்லை. கேசட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஆன்ட்டி ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து பளிங்கு மேசைமேல் உள்ளங்கையை விரித்து வைத்திருந்தார். ஒரு பாட்டுக்காரிக்காக ஒருவர் இப்படி உட்காருவாரா என்று எனக்கு அன்று புரியவில்லை. கோப்பி கேட்கவும் கூச்சமாக இருந்தது. பசியாறாமலே போய்விட்டேன்.

கல்லறைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு ஆன்ட்டியின் விருப்பப்படியே கின்மென் தீவுக்கும் போய்வந்தோம். தைப்பேயிலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரம். தைவானின் ஆளுகையில் இருக்கும் தீவுதான் என்றாலும் சீனக் கரைக்கு மிகவும் பக்கம். கடற்கரையில் நின்றால் சியாமென் நகரத்தின் கட்டடங்கள் எதிரே தெரிகின்றன. 1958-லிருந்து 1979 வரை அங்கிருந்து பீரங்கிக் குண்டுகள் விழுந்த மண் இது. விழுந்த குண்டுகளின் இரும்பை உருக்கி இன்றைக்கும் சமையல் கத்தி செய்து விற்கிறார்கள். தோழி ஒன்று வாங்கினாள்.

நாங்கள் பார்க்கப் போனது கத்தியை அல்ல, ஒரு சுவரை. கடலைப் பார்த்து நிற்கும் மூன்று மாடி உயரக் கான்கிரீட் சுவர். அதில் வட்ட வட்டமாக 48 ஒலிபெருக்கிகள். தேன்கூட்டின் ஒரு பக்கத்தை வெட்டி நிறுத்தியதுபோல இருக்கிறது. 1967-இல் கட்டப்பட்டது. 25 கிலோமீட்டர் வரைக்கும் சத்தம் போகும் என்கிறார்கள். எதிர்க்கரையில் காவல் நின்ற சீனச் சிப்பாய்களை இந்தப் பக்கம் இழுப்பதற்காக அரசு அதில் பிரசாரம் ஒலிபரப்பியது. பிரசாரத்தோடு தெரேசா தெங்கின் பேச்சும் பாட்டும் போயின. அவர் தந்தை, சீனாவிலிருந்து பின்வாங்கித் தைவானுக்கு வந்த படையில் ஒரு சிப்பாய். ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த பெண் என்பதால் படைமுகாம்களுக்குப் போய்ப் பாடுவது அவருக்குப் புதிதல்ல. 'சிப்பாய்களின் காதலி' என்றே அவருக்குப் பட்டப்பெயர்.

இப்போது அந்தச் சுவரில் அவரது பதிவை மெல்லிய ஒலியில், வருகிறவர்களுக்காகப் போடுகிறார்கள். ஆன்ட்டி சுவருக்கு அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார். "இத்தனை ஸ்பீக்கருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஆள் மூச்சு" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. காற்று பலமாக அடித்தது. தோழி தன் கழுத்துத் துணியை எடுத்து அம்மாவின் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டினாள்.

சமாதி இருக்கும் ஜின்பாவ்ஷான் போகும் பாதை தைவானின் வடகரையை ஒட்டியது. இடது பக்கம் முழுக்கக் கடல். பேருந்து ஜின்ஷான் ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கடல் கீழே போய்விடுகிறது. ஜின்பாவ்ஷான் என்ற பெயருக்குத் 'தங்கப் புதையல் மலை' என்று பொருள். மலைச்சரிவு முழுவதும் இடுகாடு. இடுகாடு என்று நாம் நினைத்தால் வரும் பயமோ பாழடைந்த தோற்றமோ அங்கே துளியும் இல்லை. புல்வெளியை வெட்டிச் சீராக வைத்திருக்கிறார்கள். தைவானின் பெரிய சிற்பி ஜூ மிங் செய்த சிலைகள் நிற்கின்றன. வசதியுள்ளவர்களுக்கான இடம் என்பது பார்த்ததும் தெரிகிறது.

இறங்கியதும் பாட்டுத்தான் முதலில் வந்தது. பாதை வளைந்து தோட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே பாட்டு கேட்டது. தோட்டத்தின் பெயர் 'யுன் யுவான்', யுன்னின் தோட்டம். தெங் லீ-யுன் என்பதுதான் அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர். மேடைக்காக மாற்றிய பெயரை உலகம் எடுத்துக்கொண்டது. கல்லறைக்கல் பெற்றோர் வைத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. பெயருக்குப் பக்கத்தில் 1953, 1995 என்று இரண்டே எண்கள். மேடையில் நிற்கும் தோரணையில் ஒரு சிலை. பின்னால் மலை, முன்னால் தூரத்தில் கடல். நாள் முழுவதும் அவர் பாடிக்கொண்டே இருக்கிறார்.

நாங்கள் போனது நினைவு நாளுக்கு மறுநாள். முந்தைய நாள் ரசிகர்கள் வைத்துவிட்டுப் போன மலர்க்கொத்துகள் கல்லை மூடியிருந்தன. லில்லிகளின் ஓரம் பழுப்பு ஏறத் தொடங்கியிருந்தது. ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டைகள் நிறைய இருந்தன. 1980-களின் நடுவில் ஜப்பானின் கேபிள் வானொலி விருதை மூன்று வருடம் தொடர்ந்து வாங்கியவர் அவர். அந்த ஊரார் இன்னும் வருகிறார்கள். ஒரு கொத்தின் காகிதத்துக்குள் யாரோ ஒரு கேசட்டைச் செருகி வைத்திருந்தார்கள். உறையில்லாத வெறும் கேசட். மேலே ஒட்டிய தாளில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய பாட்டுப் பட்டியல் மங்கிப்போயிருந்தது.

அதை வைத்தது யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே நின்றார். தியன்ஜின் நகரத்திலிருந்து தனியாக வந்திருந்த அறுபது வயதுப் பெண்மணி. தோழி அவரோடு மாண்டரினில் பேசி எனக்குச் சொன்னாள். அவர் இளம்பெண்ணாக இருந்தபோது இந்தப் பாட்டுகளைச் சீன அரசு 'சீரழிக்கும் இசை' என்று ஒதுக்கி வைத்திருந்தது. தெற்கிலிருந்து கடத்தி வந்த கேசட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பதிவெடுத்துக் கைமாற்றினார்கள். பத்தாவது பதிவு, இருபதாவது பதிவு என்று போகப் போகக் குரல் தேய்ந்து இரைச்சல் ஏறிவிடும். "அவங்க குரல் அப்படித்தான் கரகரன்னு இருக்கும்னு ரொம்ப வருஷம் நினைச்சிட்டிருந்தேன்" என்றாராம். சீனாவை அப்போது ஆண்டவர் தெங் சியாவ்பிங். பகலில் பெரிய தெங் சொல்வதைக் கேட்போம், ராத்திரியில் சின்ன தெங் பாடுவதைக் கேட்போம் என்று அங்கே மக்கள் சொல்லிக்கொண்டது உலகறிந்த கதை.

அந்தச் சின்ன தெங் தன் தந்தை பிறந்த ஹெபெய் மண்ணில் ஒருநாளும் பாடவில்லை. அழைப்பு வரும் காலம் வந்தபோது 1989 வந்துவிட்டது. அந்த மே மாதம் ஹாங்காங்கின் ஹாப்பி வேலி மைதானத்தில் பெய்ஜிங் மாணவர்களுக்கு ஆதரவாக நடந்த கச்சேரியில் அவர் பாடினார். அடுத்த வாரம் தியானன்மென் சதுக்கத்தில் டாங்கிகள் நுழைந்தன. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுபடவில்லை. அவர் போகாத ஊரிலிருந்து அவரைத் தேடி வந்து நின்ற அந்த அம்மாளை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று மாதம் தள்ளி வந்திருந்தால் அவராலும் வந்திருக்க முடியாது. 2019 ஆகஸ்டிலிருந்து, தைவானுக்குத் தனியாகப் பயணம் போகும் தன் மக்களுக்குச் சீன அரசு அனுமதி தருவதை நிறுத்திவிட்டது.

தோட்டத்தின் முன்பக்கத்தில் தரையோடு பதித்த பெரிய பியானோ விசைப்பலகை ஒன்று உண்டு. ஒவ்வொரு கட்டையும் ஆள் ஏறி நிற்கும் அளவு. மிதித்தால் ஒலிக்கும். ஒரு சிறுவன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடிக்கொண்டிருந்தான். அவன் போன பிறகு ஆன்ட்டி காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். கோவிலுக்குள் போவதுபோலக் கழற்றினார். ஒரு கட்டையில் இரண்டு காலையும் வைத்து நின்றார். ஒலி வந்தது. அடுத்த கட்டை. அடுத்தது. 'தியென் மி மி'யின் முதல் அடியைத் தேடுகிறார் என்று எனக்கும் தோழிக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. நாலாவது கட்டையில் நிறுத்தி, இடுப்பில் கைவைத்து, குனிந்து மூச்சு வாங்கினார். நாங்கள் ஓடினோம். கையைக் காட்டித் தடுத்துவிட்டு நீலப் பம்பை எடுத்தார். மூடியைக் கழற்றினார். இரண்டு தரம் குலுக்கினார். மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து அழுத்தி, உள்ளே இழுத்து நிறுத்தினார். நான் மனதுக்குள் பத்து எண்ணினேன்.

ஒலிபெருக்கியில் அப்போது மெதுவான பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. "கேளு, ஆ மோய்" என்றார். "இதோ, இங்கே. எடுக்கிறா."

என்ன எடுக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"மூச்சு. வரிக்கும் வரிக்கும் நடுவுல. மத்தவங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்கும்."

காது கொடுத்துக் கேட்டேன். கேட்டது. சொல் முடிந்து அடுத்த சொல் தொடங்கும் முன்பு, மைக்குக்கு மிக அருகில், ஒரு சின்ன இழுப்பு. தெரேசா தெங் தொண்டையைத் திறந்து முழங்கிய பாடகி இல்லை. காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடியவர். சீனாவின் சோங் காலத்துக் கவிதைகளுக்கும் அதற்குச் சற்று முந்தைய கவிதைகளுக்கும் பிறர் மெட்டமைக்க, அவர் பாடிய 1983-ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சொற்கள்கூடப் பக்கத்து வீட்டுப் பெண் பேசுவதுபோலத்தான் வரும். அப்படிப் பாடுவதற்கு மூச்சை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்க வேண்டும் என்பதை அந்த மலையில்தான் முதல்முறை யோசித்தேன். ஐம்பது வருடமாக மூச்சுக்குப் போராடும் ஒரு பெண்ணுக்கு அந்தக் குரலில் எது கேட்டது என்பதும், 1995-இல் அந்தக் காலையில் ஆன்ட்டி ஏன் விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார் என்பதும் அங்கேதான் எனக்குப் புரிந்தன. தன் நோயைக் கொண்டவள் பாடுகிறாள் என்று தெரிந்து கேட்டிருக்கிறார். தன் நோய் அவளைக் கொண்டுபோனது என்று தெரிந்து அழுதிருக்கிறார்.

சியாங் மாயில் அவர் தங்கியிருந்தது ஒரு விடுதியின் 15-ஆவது மாடியில், 1502-ஆம் எண் அறையில். ஆஸ்துமா முற்றி விழுந்தவரை மருத்துவமனைக்கு எடுத்துப் போனார்கள். காப்பாற்ற முடியவில்லை. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை. அவ்வளவுதான், வதந்திகள் கிளம்பிவிட்டன. உளவாளி என்றார்கள், கொன்றுவிட்டார்கள் என்றார்கள். சாகவே இல்லை, எங்கோ ஒளிந்து வாழ்கிறார் என்றும் எழுதினார்கள். தைப்பேயில் தேசியக் கொடி போர்த்தி இறுதி மரியாதை செய்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை. திரும்பும் பேருந்திலும் பின்னால் உட்கார்ந்திருந்த இருவர் அதையேதான் பேசினார்கள் என்று தோழி சொன்னாள். "ஆஸ்துமாவுல போய் யாராச்சும் சாவாங்களா?" என்று ஒருவர் கேட்டாராம். ஆன்ட்டி திரும்பிப் பார்க்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சாவார்கள். 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 4,55,000 பேர் ஆஸ்துமாவால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நாங்கள் அந்த மலையில் நின்ற அதே ஆண்டு. நமக்குப் பிடித்தவர்கள் ஒரு சாதாரண நோயில், ஒரு சாதாரணச் சாயங்காலத்தில் இறந்துபோவதை நம்மால் தாங்க முடிவதில்லை. அவ்வளவு பெரிய குரலுக்கு அவ்வளவு சிறிய காரணமா என்று ஆறமாட்டேன் என்கிறது. அதனால் சதி தேடுகிறோம். எனக்கு அது துக்கமாகத் தெரியவில்லை. அந்த மனுஷி பட்ட பாட்டை நம்ப மறுப்பதாகத் தெரிகிறது. நம்பியிருந்தால் அவர் உயிரோடு இருந்தபோதே அடுத்த பாட்டு எப்போது என்று கேட்டவர்களில் நாலு பேராவது உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருப்பார்கள்.

'தியென் மி மி' என்ற பெயரிலேயே 1996-இல் ஹாங்காங்கில் ஒரு படம் வந்தது. பீட்டர் சான் இயக்கியது. பிரிந்துபோன இருவர் பல வருடம் கழித்து நியூயார்க் தெருவில், ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தொலைக்காட்சியில் தெரேசா தெங் இறந்த செய்தி ஓடும்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். படம் ஏறக்குறைய அங்கே முடியும். அன்று ராத்திரி விடுதியில் தோழியின் கணினியில் மூவரும் அதைப் பார்த்தோம். ஆன்ட்டி அழவில்லை. "இப்படித்தான். நின்ன இடத்துல அப்படியே நின்னுட்டோம்" என்றார்.

அடுத்த வருடம் நானும் அப்படித்தான் நின்றேன். 2020 செப்டம்பர் 25. எல்லைகள் மூடிக் கிடந்த காலம். கொரோனா தாக்கிய நுரையீரலோடு சென்னையில் ஏழு வாரம் மருத்துவமனையில் கிடந்த எஸ்.பி.பி. தனது 74-ஆவது வயதில் போய்விட்டார். 'கேளடி கண்மணி'யில் மூச்சு விடாமல் பாடுவதாக அமைந்த 'மண்ணில் இந்தக் காதல்' பாட்டைக் கேட்டு, ஈப்போவில் நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடிப் பார்த்து முகம் சிவந்து விழுந்திருக்கிறோம். அந்த மனிதருக்கா மூச்சுப் போதாமல் போனது! மறுநாள் தாமரைப்பாக்கம் பண்ணையில் அவரை மண்ணில் இறக்குவதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குப் போடத் தோன்றவில்லை.

அப்போது ஆன்ட்டியின் அழைப்பு வந்தது. "மேல் வீட்டு ரேடியோவுல பாடுவாரே, அவரா?" என்று மலாயில் கேட்டார்.

"அவர்தான் ஆன்ட்டி."

"மூச்சா?"

"ஆமா."

சிறிது நேரம் எதிர்முனையில் பேச்சில்லை. அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. லேசான விசில் சத்தத்தோடு, இழுத்து, விட்டு, இழுத்து. என்னால் அழ முடிந்தது அதைக் கேட்டுத்தான்.

ஆன்ட்டி இப்போதும் ஈப்போவில் இருக்கிறார். கடையை விற்றாகிவிட்டது. கேசட்டுகள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை போகும்போதெல்லாம் நான் செய்யும் முதல் காரியம் அவர் கைப்பையிலிருந்து நீலப் பம்பை எடுத்துப் பின்னால் இருக்கும் எண்ணைப் பார்ப்பது. இன்னும் எத்தனை அழுத்தம் மிச்சம் என்று அது காட்டும். எண் காட்டாத பம்பும் உண்டு. அதற்கு வாங்கிய தேதியை எழுதி ஒட்டி வையுங்கள். உங்கள் வீட்டிலும் மூச்சிரைப்பு உள்ளவர் ஒருவர் இருந்தால், அவருடைய பம்பில் மருந்து இருக்கிறதா என்று இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.